இரவு மூன்று மணிக்கு எடுத்த ரத்தம்

இரண்டு பேருடைய ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுகள் மேசையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் ரிப்போர்ட்டில் வெள்ளை அணுக்கள் கொஞ்சம் கூடியிருக்கின்றன. ரத்தம் எடுத்தது செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு. இரண்டாவதில் எல்லாமே இயல்பான அளவு. ஆனால் ரத்தம் எடுத்தது ஞாயிற்றுக்கிழமை பின்னிரவு மூன்று மணிக்கு. இருவரில் யாரை நினைத்து அதிகம் கவலைப்பட வேண்டும்?

எண்ணை மட்டும் பார்க்கிறவர் முதல் ஆளைச் சொல்வார். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு ராத்திரியாவது உட்கார்ந்திருந்தவர் தயங்காமல் இரண்டாவது ஆளைச் சொல்வார். தூங்குகிற நோயாளியை எழுப்பி, நரம்பு தேடிக் குத்தி, அந்த நேரத்தில் லேபுக்கு ஆளை ஓடவைக்கிறார்கள் என்றால், அங்கே ஏதோ ஒரு டூட்டி டாக்டருக்கு வயிற்றைக் கலக்கியிருக்கிறது. லேப் அனுப்பிய எண் அந்தக் கலக்கத்தை உறுதி செய்யாமல் போகலாம். கலக்கம் என்னவோ வந்தாகிவிட்டது.

வராந்தாவில் உட்கார்ந்தவரின் இந்த அறிவை எண்ணிக் கணக்கிட்டுக் காட்டினார்கள் ஹார்வர்டைச் சேர்ந்த டெனிஸ் ஆக்னியல், ஐசக் கோஹேன், கிரிஃபின் வெபர் என்ற மூவர். போஸ்டன் நகரின் இரண்டு பெரிய மருத்துவமனைகளில் சிகிச்சை பெற்ற 6,69,452 பேரின் கணினிப் பதிவுகளை எடுத்துக்கொண்டார்கள். வழக்கமாகச் செய்யப்படும் 272 வகைப் பரிசோதனைகள் கணக்கில் வந்தன. ஒவ்வொரு பரிசோதனைக்கும் இரண்டே கேள்விகள். முதலாவது, டாக்டர் இந்தப் பரிசோதனையை எழுதினார் என்ற ஒரே தகவல், நோயாளி மூன்று ஆண்டுகள் கழித்து உயிரோடு இருப்பாரா என்பதைப் பற்றி ஏதாவது சொல்கிறதா? 272-இல் 233 பரிசோதனைகளுக்குச் சொன்னது. முடிவு என்ன வந்தது என்றுகூடப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

இரண்டாவது கேள்விதான் சுவையானது. பரிசோதனையின் அளவு அதிகம் சொல்கிறதா, அல்லது அது எழுதப்பட்ட மணி, கிழமை, முந்தைய பரிசோதனைக்கும் இதற்குமான இடைவெளி ஆகியவை அதிகம் சொல்கின்றனவா? ஒப்பிட முடிந்த 174 பரிசோதனைகளில் 118-இல் நேரமே வென்றது. அதாவது, மூன்றில் இரண்டு பங்குப் பரிசோதனைகளில், நோயாளியின் ரத்தத்தில் என்ன இருந்தது என்பதைக் காட்டிலும் அந்த ரத்தத்தை எடுக்கச் சொன்ன கடிகாரம் அவருடைய ஆயுளைப் பற்றி நன்றாகச் சொன்னது. 2018-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இது வெளியானது. மருத்துவத் தகவலியல் துறையில் நான் படித்தவற்றில் இந்தளவு எளிமையாகவும் இந்தளவு சங்கடப்படுத்துவதாகவும் இருந்த ஆய்வு வேறில்லை.

ஏன் சங்கடம்? மருத்துவமனையின் கணினியில் இருப்பது நோயாளியின் உடலைப் பற்றிய குறிப்புகள் என்றே எல்லோரும் நினைக்கிறோம். லட்சக்கணக்கான அந்தக் குறிப்புகளை இயந்திரத்துக்குக் கொடுத்தால் அது உடலைப் படித்துக்கொள்ளும், நோயை முன்கூட்டிச் சொல்லும் என்பதுதான் இன்று கோடிகள் கொட்டப்படும் நம்பிக்கை. ஆனால் ஒரு கேஸ் ஷீட் தானாக நிரம்புவதில்லை. யாரோ சந்தேகப்பட்டால்தான் அதில் ஒரு வரி சேரும். சந்தேகம் வராத இடம் வெற்றாகவே கிடக்கும். ஆக அதில் இருப்பது உடலும் அந்த உடலைப் பார்த்தவர்களின் மனமும் கலந்த ஒரு கலவை. இயந்திரம் எதைப் படித்தது என்பது அதற்கும் தெரியாது, பல வேளை அதைச் செய்தவருக்கும் தெரியாது.

கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் ஹ்ரிப்சாக்கும் டேவிட் ஆல்பர்ஸும் இதை வேறொரு பக்கத்திலிருந்து தொட்டார்கள். மருத்துவப் பதிவையே ஓர் இயற்கைப் பொருளைப்போல எடுத்து வைத்து அதன் குணங்களை ஆராய வேண்டும் என்பது அவர்கள் வாதம். நோயாளியின் உடல்நிலை தடுமாறும்போது பரிசோதனைகள் அடுத்தடுத்து வருகின்றன. தேறிவிட்டால் மாதக்கணக்கில் ஒன்றுமில்லை. எனவே கடிகாரத்தின் மணியையும் நாளையும் ஒதுக்கிவிட்டு, முதல் பரிசோதனை, இரண்டாவது, மூன்றாவது என்று வரிசை எண்ணையே காலமாகக் கொண்டால் என்ன என்று பார்த்தார்கள். பதிவுகள் முன்னைவிட ஒழுங்காக நடந்துகொண்டன. கவலை கூடும்போது வேகமாகவும் குறையும்போது மெதுவாகவும் ஓடும் ஒரு கடிகாரம் அந்தக் கோப்புகளுக்குள் இருந்திருக்கிறது. அதை ஓட்டியவர்கள் டாக்டர்கள்.

இதெல்லாம் கணக்கர்களின் வேடிக்கை என்று ஒதுக்கிவிடலாம், நிமோனியாக் கதை மட்டும் இல்லாதிருந்தால்.

1990-களின் நடுவில் அமெரிக்காவில் ஒரு கூட்டுத் திட்டம் நடந்தது. நிமோனியாவோடு வருகிறவர்களில் யாரை வார்டில் சேர்க்க வேண்டும், யாருக்கு மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பலாம் என்று கணினியால் சொல்ல முடியுமா என்று பார்ப்பது நோக்கம். அப்போது இளம் ஆய்வாளராக இருந்த ரிச் கருவானா உருவாக்கிய நியூரல் நெட்வொர்க்தான் போட்டியில் மிகத் துல்லியமாக வந்தது. ஆனால் அதன் உள்ளே என்ன நடக்கிறது என்று யாராலும் பார்க்க முடியாது. நல்ல வேளையாக அதே தரவை வைத்து இன்னொரு குழு, மனிதர் படிக்கக்கூடிய விதிகளை எழுதும் வேறொரு நிரலை ஓட்டிக்கொண்டிருந்தது. அது கண்டுபிடித்த விதிகளில் ஒன்று, ஆஸ்துமா இருக்கும் நிமோனியா நோயாளிக்குச் சாகும் ஆபத்து குறைவு என்றது.

இளைப்பு இருக்கிறவருக்கு நுரையீரலில் சளி கட்டினால் ஆபத்து கூடுமே தவிரக் குறையாது என்பது மருத்துவக் கல்லூரி முதலாண்டு மாணவருக்கும் தெரியும். அப்படியானால் தரவில் தவறா? இல்லை. தரவில் ஆஸ்துமாக்காரர்கள் உண்மையிலேயே குறைவாகத்தான் இறந்திருந்தார்கள். ஆஸ்துமா என்று தெரிந்த உடனே அவர்களை நேரே ஐ.சி.யூ.வுக்குக் கொண்டுபோய் மற்றவர்களைவிடத் தீவிரமாகக் கவனித்ததுதான் காரணம். ஆபத்து பெரிது என்று டாக்டர்கள் அஞ்சியதால் ஆபத்து சிறிதாகிவிட்டது. கணினி பார்த்தது அந்தச் சிறிதான ஆபத்தை மட்டும்.

இதில் நடுங்கவைப்பது, அந்த நிரல் பொய் சொல்லவில்லை என்பதுதான். அதன் கணிப்பு எண்ணிக்கைப்படி சரி. சரியான அந்தக் கணிப்பை நம்பி ஆஸ்துமாக்காரர்களை வீட்டுக்கு அனுப்பத் தொடங்கினால், அவர்களைக் காப்பாற்றிய கவனிப்பு நின்றுபோகும். கணிப்பு அன்றிலிருந்து பொய்யாகும். அது பொய்யானது தெரியவர ஆட்கள் சாக வேண்டும். தன்னுடைய நியூரல் நெட்வொர்க்கும் உள்ளுக்குள் இதையேதான் கற்றிருக்கும் என்று கருவானா உணர்ந்தார். ஆஸ்துமா விதியை வெட்டி எறிந்துவிடலாம். கண்ணுக்குத் தெரியாமல் அந்த நெட்வொர்க்குக்குள் இன்னும் எத்தனை இருக்கின்றனவோ? நோயாளிகளிடம் அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று முடிவாயிற்று. பின்னர் மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவில் இருந்தபோது, உள்ளே திறந்து பார்க்கக்கூடிய மாதிரிகளை அவர் உருவாக்கினார். 2015-இல் அதே நிமோனியாத் தரவை, 14,199 நோயாளிகளின் பதிவுகளை, அதில் போட்டுப் பார்த்தபோது ஆஸ்துமா மறுபடி வந்து நின்றது. கூடவே இதயநோயும் நெஞ்சுவலியும் ஆபத்தைக் 'குறைக்கும்' பட்டியலில் சேர்ந்துகொண்டன. நெஞ்சு வலிக்கிறது என்று வருகிறவரை யாரும் காத்திருக்கவைப்பதில்லை அல்லவா?

மனம் பதிவில் ஒட்டிக்கொள்வது எப்போதும் இப்படி நல்ல காரணத்தோடு நடப்பதில்லை. அமெரிக்காவின் முதியோர் காப்பீட்டுத் தரவில், மாரடைப்போடு வந்தவர்களை அவர்களுடைய எண்பதாவது பிறந்தநாளுக்கு முந்தைய இரண்டு வாரத்தில் வந்தவர்கள், பிந்தைய இரண்டு வாரத்தில் வந்தவர்கள் என்று அனுபம் ஜெனா உள்ளிட்ட ஆய்வாளர்கள் பிரித்துப் பார்த்தார்கள். முன்பு வந்தவர்களில் 7 சதவீதத்துக்குப் பைபாஸ் அறுவை நடந்தது. பின்பு வந்தவர்களில் 5.3 சதவீதம். சில வாரத்தில் எந்த இதயமும் அவ்வளவு கிழடாகிவிடாது. வயதுக் கட்டத்தில் 7 என்று தொடங்கிய எண் 8 என்று தொடங்குகிறது, அவ்வளவுதான். 79 என்று படித்த டாக்டர் 'எழுபதுகளில்' ஒருவரைப் பார்த்தார், 80 என்று படித்தவர் ஒரு முதியவரைப் பார்த்தார். கத்தரிக்காயை 79 ரூபாய் என்று எழுதி விற்கிற கடைக்காரருக்குத் தெரிந்த விஷயம் அறுவை அரங்கு வரை போயிருக்கிறது. இந்தத் தரவில் பயின்ற ஓர் இயந்திரம், எண்பதாவது பிறந்தநாளில் மனித உடலில் ஏதோ மாறுவதாகவே கற்றுக்கொள்ளும்.

எழுத்திலும் எண்ணிலும் இப்படி என்றால் படங்களாவது சுத்தமாக இருக்கும் என்று தோன்றலாம். எக்ஸ்ரே, எலும்பையும் நுரையீரலையும் தவிர வேறு எதைக் காட்டும்? ஜான் ஜெக், எரிக் ஓர்மன் முதலானோர் 2018-இல் மூன்று மருத்துவ நிறுவனங்களின் 1,58,323 மார்பு எக்ஸ்ரேக்களை எடுத்து நிமோனியா கண்டுபிடிக்க ஒரு நிரலைப் பழக்கினார்கள். அந்த மூன்றில் நியூயார்க்கின் மவுன்ட் சினாய் மருத்துவமனைப் படங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிமோனியா. மற்ற இரண்டில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்று. நிரல் என்ன செய்தது தெரியுமா? படம் எந்த மருத்துவமனையில் எடுத்தது என்பதை 100-க்கு 99-க்கும் மேல் சரியாகக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்டது. மவுன்ட் சினாய் என்றால் நிமோனியா இருக்க வாய்ப்பு அதிகம். நுரையீரலை அவ்வளவு உற்றுப் பார்ப்பானேன்? படத்தின் மூலையில் இடம் வலம் தெரிய டெக்னீஷியன் வைக்கிற சிறு உலோக எழுத்துகூட அதற்குத் துப்பாக உதவியிருந்தது. எழுந்து நடக்க முடியாதவரின் படுக்கைக்கே மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்து எடுத்த படம் என்றால் அதுவும் ஒரு துப்பு. தான் பழகாத மருத்துவமனையின் படங்களைக் கொடுத்தபோது பல ஒப்பீடுகளில் அதன் திறமை குறைந்தது.

பணமும் இதேபோல் பதிவுக்குள் நுழைகிறது. அமெரிக்க மருத்துவமனைகளும் காப்பீட்டு நிறுவனங்களும், கூடுதல் கவனிப்பு யாருக்குத் தேவை என்று தீர்மானிக்க ஒரு நிரலைப் பயன்படுத்தின. அது 'நோயின் கடுமை' என்பதற்கு அளவுகோலாகச் 'செலவாகப்போகும் டாலர்' என்பதை வைத்துக்கொண்டது. கறுப்பினத்தவருக்கு அதே அளவு நோய் இருந்தாலும் அவர்களுக்காகச் செலவிடப்பட்ட பணம் குறைவு. ஆகவே நிரலின் கண்ணுக்கு அவர்கள் ஆரோக்கியமானவர்கள். 2019-இல் சயின்ஸ் இதழில் ஸியாத் ஓபர்மேயரும் செந்தில் முல்லைநாதனும் மற்றவர்களும் இதைக் காட்டினார்கள். செலவை விட்டு நோயையே அளந்தால், கூடுதல் கவனிப்புக்குத் தேர்வாகிறவர்களில் கறுப்பினத்தவரின் பங்கு 17.7 சதவீதத்திலிருந்து 46.5 சதவீதமாக உயரும் என்பது அவர்கள் கணக்கு.

இப்போது செப்சிஸுக்கு வருகிறேன், ஏனென்றால் இந்தச் சிக்கலின் முடிச்சு அங்கேதான் மிக இறுக்கமாக விழுந்திருக்கிறது. ஏதோ ஒரு கிருமித் தொற்றுக்கு எதிராகக் கிளம்பிய உடல் தன் உறுப்புகளையே செயலிழக்கவைக்கும் நிலை அது. மணிக்கணக்கில் ஆளைக் கொண்டுபோய்விடும். முன்னதாகத் தெரிந்தால் ஆன்டிபயாடிக் கொடுத்துக் காப்பாற்றலாம் என்பதால், முன்னறிவிக்கும் நிரல்களுக்குப் பெரிய தேவை. அமெரிக்க மருத்துவமனைகளில் பரவலாக உள்ள எபிக் என்ற மென்பொருளோடு அப்படியொரு நிரல் வந்தது. மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் தங்கள் மருத்துவமனையில் அதைச் சோதித்து 2021-இல் முடிவை வெளியிட்டார்கள். செப்சிஸ் வந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரை நிரல் தவறவிட்டிருந்தது. அதே வேளை, சேர்க்கப்பட்ட ஒவ்வொரு 100 பேரிலும் 18 பேருக்கு அலாரம் அடித்திருந்தது.

இதைவிடக் கூர்மையானது அதே பல்கலைக்கழகத்திலிருந்து 2024-இல் வந்த ஆய்வு. சுமார் 77,000 நோயாளிகளின் பதிவுகளை வைத்துக் கேட்ட கேள்வி இது: செப்சிஸ் வந்த ஒருவர், வராத ஒருவர் என இருவரைக் காட்டினால், ஆபத்துள்ளவர் யார் என்று நிரல் எத்தனை முறை சரியாகச் சொல்லும்? மருத்துவமனையில் இருந்த காலம் முழுவதையும் கணக்கில் எடுத்தால் 87 சதவீதம். பிரமாதம் என்று சொல்லத் தோன்றும். செப்சிஸுக்கான இலக்கணங்கள் நோயாளியிடம் தென்படுவதற்கு முந்தைய தரவை மட்டும் கொடுத்தால் 62 சதவீதம். ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று தேடும் கல்ச்சர் பரிசோதனைக்கு டாக்டர் எழுதுவதற்கு முந்தைய தரவை மட்டும் கொடுத்தால் 53.

53 என்பது காசைச் சுண்டிப் பார்ப்பதற்கு அருகில். கல்ச்சர் எழுதுவது என்றால், டாக்டருக்குத் தொற்றுச் சந்தேகம் வந்துவிட்டது என்று பொருள். டாக்டரின் சந்தேகம் கணினியில் ஏறியபின் அந்த நிரல் மேதாவி. அதற்கு முன்னால் அதற்கு ஒன்றும் தெரியாது. சந்தேகப்பட்ட டாக்டரிடமே திரும்பி வந்து 'சந்தேகப்படுங்கள்' என்று சொல்கிற கருவிக்குக் காசு கொடுத்திருக்கிறார்கள்.

இதுவரை படித்தவருக்கு, டாக்டரின் மனத்தைப் பதிவிலிருந்து துடைத்து எடுத்துவிட வேண்டும், மிஞ்சுவதுதான் தூய உண்மை என்று தோன்றியிருக்கலாம். எனக்கும் கொஞ்ச காலம் அந்தக் கட்சிதான் பிடித்திருந்தது. போஸ்டன் ஆய்வையே மறுபடி நினைத்துப் பாருங்கள். பின்னிரவு மூன்று மணி என்பது பிழையான தகவல் அல்லவே. அது 174-க்கு 118 என்று வென்ற தகவல். பல ஆண்டுகள் நோயாளிகளைப் பார்த்த ஒருவர், காரணம் சொல்ல வராத ஓர் உறுத்தலால் எழுந்து போய் ஒரு பரிசோதனை எழுதுகிறார் என்றால், அந்த உறுத்தல்தான் கேஸ் ஷீட்டிலேயே விலைமதிப்புள்ள பொருள். குற்றம், அதை உடலின் குரல் என்று வேஷம் போட்டு விற்றதில் இருக்கிறது.

வேஷத்தைக் களைந்துவிட்டு அந்த உறுத்தலையே நேராகப் பயன்படுத்தினால் என்ன ஆகும்? கொலம்பியாவின் சாரா ரொசெட்டி கேட்டது இதைத்தான். அவர் ஒரு நர்ஸ். டாக்டர் ஒரு நாளில் சில நிமிடங்கள் படுக்கையருகே நிற்கிறார்; நர்ஸ் நாள் முழுக்க அங்கே இருக்கிறார். நோயாளியின் முகக்களை மாறியதை, பேச்சில் ஒரு தடுமாற்றம் வந்ததை அவர்தான் முதலில் பார்க்கிறார். அப்போது அவர் என்ன செய்வார்? டாக்டரைக் கூப்பிட்டுச் சொல்ல எண் எதுவும் கையில் இல்லை. பி.பி.யும் நாடியும் சரியாகவே இருக்கின்றன. ஆகவே அட்டவணைப்படி நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டியதை ஒரு மணி நேரத்தில் மறுபடி பார்க்கிறார். யாரும் கேட்காத ஒரு குறிப்பைப் பக்கத்தில் எழுதிவைக்கிறார். ஒரு மாத்திரையை இப்போதைக்கு வேண்டாம் என்று நிறுத்திவைக்கிறார். பின்னால் இறந்துபோகும் நோயாளிகளின் பதிவில் இத்தகைய கூடுதல் குறிப்புகள் கூடுதலாக இருப்பதைப் பத்தாண்டுக்கு முன்பே ரொசெட்டியும் கூட்டாளிகளும் காட்டியிருந்தார்கள்.

அதிலிருந்து பிறந்தது கன்சர்ன் என்ற முன்னெச்சரிக்கை முறை. பி.பி. எவ்வளவு என்பதைவிட, அதை எத்தனை முறை, எந்த வேளையில் எடுத்தார்கள் என்பதே அதற்கு முக்கியம். நர்ஸின் கவலை எவ்வளவு என்று கணக்கிட்டு, டாக்டருக்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று காட்டும். இரண்டு மருத்துவமனைக் குழுமங்களின் 74 பிரிவுகளில், 60,000-க்கும் மேற்பட்ட நோயாளிச் சேர்க்கைகளில் ஓராண்டு நடந்த சோதனையின் முடிவு 2025-இல் நேச்சர் மெடிசின் இதழில் வந்தது. எந்தப் பிரிவில் இந்த முறை இருக்கும், எதில் இருக்காது என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்திருந்தார்கள். முறை இருந்த பிரிவுகளில் இறக்கும் ஆபத்து 35.6 சதவீதம் குறைந்தது. மருத்துவமனையில் தங்கும் காலம் 11.2 சதவீதம் குறைந்தது. ஐ.சி.யூ.வுக்கு எதிர்பாராமல் மாற்றப்பட்டவர்கள் மட்டும் 24.9 சதவீதம் கூடினார்கள். பார்த்தால் தோல்விபோலத் தெரியும் இந்த எண்ணை, முறையைத் தயாரித்தவர்கள் வெற்றியாகவே எடுத்துக்கொள்கிறார்கள். நர்ஸ் கவலைப்பட்டதை டாக்டர் நேரத்தில் கேட்டார், ஆளை நேரத்தில் நகர்த்தினார் என்பது அவர்கள் வாசிப்பு. எனக்கும் அது நியாயமாகவே படுகிறது.

உடனே இதை வாங்கி நம் ஊர் வார்டில் மாட்டிவிடலாமா என்று கேட்டால், அது படிப்பதற்கு இங்கே எழுத்து இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பல வார்டுகளில் கட்டில் காலடியில் தொங்கும், காய்ச்சலும் நாடியும் மூச்சும் குறிக்கிற டி.பி.ஆர். சார்ட்தான் இன்னும் பதிவு. ஏராளமான நோயாளிகளைச் சமாளிக்கும் ஒரு நர்ஸ், இரவு இரண்டு மணிக்குப் பார்த்ததை ஷிப்ட் மாறும் காலை வேளையில் மொத்தமாக உட்கார்ந்து எழுதினால், அமெரிக்காவில் பழகிய நிரல் அதை ஓர் அமைதியான இரவு என்றே படிக்கும். புற நோயாளிகளின் கதை இன்னும் வேறு. அமெரிக்காவில் பதிவு ஆஸ்பத்திரியிடம் இருக்கிறது. இங்கே பெரும்பாலும் நோயாளியின் பிளாஸ்டிக் கவரில் இருக்கிறது, ஊர் ஊராக அவரோடு பயணம் செய்கிறது. அந்தக் கவரையெல்லாம் ஒரே இடத்தில் இணைக்க 2021 செப்டம்பரில் மத்திய அரசு ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷனை நாடு முழுதும் தொடங்கியது. ஆளுக்கொரு 14 இலக்க எண் கொடுக்கிறார்கள்.

எண்ணோடு எது போய்ச் சேர்கிறது என்பதில்தான் என் கண் இருக்கிறது. நம் ஊரின் பல லேப் ரிப்போர்ட்டுகளில் மேல் மூலையில் பொடி எழுத்தில் மூன்று நேரங்கள் அச்சாகியிருக்கும்: மாதிரி எடுத்த நேரம், லேபுக்கு வந்த நேரம், ரிப்போர்ட் தயாரான நேரம். சர்க்கரை எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று பார்க்கும் அவசரத்தில் யாரும் அங்கே பார்ப்பதில்லை. அந்தத் தாளை வெறும் ஸ்கேன் படமாக ஏற்றினால் அந்த நேரங்கள் கணினிக்குத் தேட முடியாத கோடுகளாகிவிடும். அளவுகளை மட்டும் தட்டச்சு செய்து ஏற்றினால் அடியோடு போய்விடும். அவற்றோடு நான்காவதாக ஒன்றும் வேண்டும், பரிசோதனையை எழுதியவர் எத்தனை மணிக்கு எழுதினார் என்பது. அந்த நான்காவது நேரம் எந்த ரிப்போர்ட்டிலும் என் கண்ணில் பட்டதில்லை.